பதினைந்து நாள் ராகு காலம்

வேலூரில் கத்திரி வெயில் காலத்தில் எடுக்கப்படும் எந்த முடிவும் செல்லாது என்று ஒரு சட்டம் வர வேண்டும். 42 டிகிரியில் மூளை யோசிப்பதில்லை, வேகிறது. ஸ்வால்பார்டுக்குச் சுற்றுலா போவது என்று எங்கள் வீட்டில் முடிவானது அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில்தான். மின்சாரம் போயிருந்தது. இன்வெர்ட்டரும் கையை விரித்திருந்தது.

வழக்கமாக எங்கள் வீட்டு விடுமுறைப் பேச்சு ஊட்டியில் ஆரம்பித்து, என் வங்கி இருப்பை விசாரித்துக்கொண்டு, ஏலகிரியில் வந்து நிற்கும். இந்த முறை மனைவி பேரத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கினாள். "குளிர்ச்சியான ஊருன்னா ஒழுங்கா குளிர்ச்சியா இருக்கணுங்க. ஊட்டியில போன தடவை ரூம்ல ஃபேன் கேட்டு வாங்கினோம்." மகள் கைபேசியில் வரைபடத்தை விரித்தாள். நார்வேக்குப் போனாள். இன்னும் மேலே தள்ளினாள். நார்வே முடிந்து, கடல் முடிந்து, வரைபடம் போட்டவருக்கே ஆர்வம் குறைந்துபோன ஓர் இடத்தில் விரலை வைத்தாள். ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். தலைநகர் லாங்யர்பியன், 78-ஆம் வடக்கு அட்சரேகை. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பை போகிற தூரம்.

"78-ஆ?" என்றாள் அம்மா. "என் வயசுதான். ஏத்த ஊருதான்." ஆக, வீட்டின் மூத்த வாக்கும் விழுந்துவிட்டது.

வேலூர்க்காரர்களுக்கு 'இல்லை' என்ற பாட்டு புதிதில்லை. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வது பழைய வழக்கம். ஜலகண்டேஸ்வரர் மட்டும் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். தண்ணீரும் ராஜாவும் இன்னும் யோசிக்கிறார்கள். ஸ்வால்பார்டின் பட்டியல் எங்களுடையதைவிட நீளம். மரம் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை இல்லை. குளிர்காலத்தில் பனிவண்டி, கோடையில் படகு. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அது எட்டியும் பார்ப்பதில்லை. நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறு. 1906-இல் ஜான் மன்ரோ லாங்யர் என்ற அமெரிக்கர் நிலக்கரி வெட்ட வந்து, தன் பெயரில் ஓர் ஊரை விட்டுப் போனார். இன்று அங்கே சுமார் 2,500 பேர். சத்துவாச்சாரியில் நாலு தெருவை வளைத்தால் அவ்வளவு பேர் தேறும்.

பூனையும் இல்லை. பறவைகளைக் காப்பதற்காகப் பூனை வளர்க்கவே அங்கே தடை. இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஊர் முழுக்கத் தேடினாலும் குறுக்கே போக ஒரு பூனை கிடையாதா? சகுனத் தடையே இல்லாத ஊரா இருக்கே!"

பூனைக்குப் பதில் வேறொன்று குறுக்கே போகும் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். ஊர் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை உண்டு. 'ஸ்வால்பார்டு முழுவதற்கும் பொருந்தும்' என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்றால் பத்தடி தள்ளிக் கொட்டலாம் என்று பொருள். கரடி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது என்பதைத்தான் பலகை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் கரடியை விரட்டத் தகுந்த கருவியோடு போக வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துப் போவது நல்லது என்பது ஆளுநர் அலுவலகத்தின் அறிவுரை. துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள் என்று கடைக் கதவில் ஒட்டியிருக்கும். அங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் சேரும் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே துப்பாக்கி சுடப் பயிற்சி தருகிறார்கள். பொறியியல் படிக்கும் மகள் பெருமூச்சு விட்டாள். "எங்க காலேஜ்ல முதல் நாள் ஆன்ட்டி ராகிங் ஃபார்ம் கொடுத்தாங்க."

இந்த இடத்தில் என் மைத்துனர் உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பயணத் திட்டம் என்றால் அவருக்கு வாசனை வந்துவிடும்.

"மாமா, கரடியைக் கிட்டப் போய் ஒரு செல்ஃபி. அது போதும் எனக்கு."

கிட்டப் போக முடியாது. 2025-இலிருந்து கரடிக்கும் மனிதருக்கும் குறைந்தது 300 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். மைத்துனர் மனக்கணக்குப் போட்டார். "அரை கிலோமீட்டர்ல நின்னா கரடி எது, பனி எதுன்னு எப்படி மாமா தெரியும்? வண்டலூர்ல இதைவிடக் கிட்ட காட்டுவாங்க. கையில வேர்க்கடலைப் பொட்டலத்தோட பாக்கலாம்."

"அதுவா கிட்ட வந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"நாமதான் பின்னால போகணும் பாட்டி. சட்டம் நமக்குத்தான்."

அம்மா தலையாட்டினாள். "சரிதானே. அது அவங்க ஊரு. சம்பந்தி வீட்டுக்குப் போனாப்புல வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு வரணும்." ஸ்வால்பார்டு ஆளுநர் அலுவலகம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

கரடியாவது 500 மீட்டரோடு போகிறது. ஆர்க்டிக் ஆலா என்ற பறவைக்கு அந்தப் பெருந்தன்மையும் இல்லை. தரையில் முட்டையிட்டிருக்கும் காலத்தில் அந்தப் பக்கம் நடந்தால் வந்து தலையில் கொத்தும். நம் உடம்பில் எது உயரமோ அதைத்தான் தாக்கும் என்பதால், ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். அத்தையின் குடை இருக்கிறது என்று மனைவி குறித்துக்கொண்டாள். இந்த ஆலா ஆண்டுதோறும் வடகோடிக் கோடையிலிருந்து தென்கோடிக் கோடைக்குப் பறந்து போய்த் திரும்புகிறது. அதனிடம் யாரும் விசா கேட்பதில்லை. எங்களிடம் கேட்கிறார்கள்.

விசா விவகாரத்தில்தான் ஸ்வால்பார்டின் குறும்பு முழுமையாகத் தெரிகிறது. 1920 பிப்ரவரி 9-ஆம் தேதி பாரிசில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் நார்வேக்குச் சொந்தம். ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளின் மக்கள் அங்கே சமமாகத் தொழில் செய்யலாம் என்று ஏற்பாடு. இந்தியாவின் பெயரும் அன்றைக்கே அதில் ஏறிவிட்டது, வெள்ளைக்காரன் தயவில். ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்லை. படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆனால் அங்கே போகும் விமானம் நார்வே வழியாகத்தான் போகிறது. நார்வே ஷெங்கன் வட்டத்துக்கு உள்ளே, ஸ்வால்பார்டு வெளியே. ஆக, நார்வேக்குள் ஒரு முறை நுழைந்து, ஸ்வால்பார்டு போவதற்காக வெளியேறி, ஊர் திரும்ப மறுபடியும் நுழைய வேண்டும். விசா வேண்டாத ஊருக்குப் போக, ஒன்றுக்கு இரண்டு நுழைவுள்ள விசா!

பயண முகவர் எங்களைக் கனிவோடு பார்த்தார். "சார், துபாய் பாருங்களேன். அங்கேயும் பனி இருக்கு. மாலுக்குள்ளேயே." நாங்கள் அசையவில்லை என்று கண்டதும் பட்டியலை நீட்டினார். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ஆவணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இந்தியாவுக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்பதற்கு ஆதாரம். கடைசி வரியைக் கேட்ட அம்மா, "ரேஷன் கார்டைக் காட்டு. அதை விட்டுட்டு எவன் அங்க தங்குவான்?" என்றாள்.

அடுத்தது உடை. மே மாதம் வேலூரில் பனிக்கோட்டு கேட்டால், கடைக்காரர் முதலில் நம்மை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார். நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்கள் நவம்பருக்கு முன்னால் தலை காட்டுவதில்லை. கடைசியில் அண்ணா சாலையில் ஒரு கடையின் மாடியில், மூட்டை கட்டிப் போட்டிருந்த சரக்கு கிடைத்தது. துருவத்து உடைக்கு மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டிய கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத மேலங்கி. பருத்தி மட்டும் கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். அளவு பார்க்க நான் மூன்று அடுக்கையும் போட்டேன். உடை மாற்றும் அறையில் மின்விசிறி இல்லை. மேலங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தபோது, பனிக்கரடி ஏன் வேலூரில் குடியேறவில்லை என்பது எனக்கு அறிவியல்பூர்வமாக விளங்கியது.

"பிடிக்குதா?" என்றாள் மனைவி, வெளியிலிருந்து.

"அவுக்கணும்" என்றேன்.

இத்தனையும் எதற்கு என்று வெப்பநிலைக் கணக்கைப் பார்த்தேன். லாங்யர்பியனில் ஜூலை மாதச் சராசரியே ஏறக்குறைய 7 டிகிரிதான். 1986 மார்ச்சில் மைனஸ் 46.3 வரை இறங்கியிருக்கிறது. அங்கே பதிவான உச்சபட்ச வெப்பம் 21.7 டிகிரி, 2020 ஜூலையில். துருவம் இப்படிக் காய்கிறதே என்று உலகமே கவலைப்பட்ட வெயில் அது, கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே 21.7 டிகிரியில் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, சன்னல் இடுக்கில் பழைய வேட்டியைச் செருகி, "இந்த வருஷம் மார்கழி கொல்லுது" என்பாள். அவர்களுடைய வரலாறு காணாத வெயில், எங்களுடைய வரலாறு காணாத குளிர்.

காலணியின் விலையைப் பற்றிப் பேசி உங்கள் மனநிலையைக் கெடுக்கப் போவதில்லை. அவ்வளவு கொடுத்து வாங்கிய காலணியை அங்கே பெரும்பாலும் வாசலிலேயே விட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். வீடு, விடுதி, அருங்காட்சியகம் என்று பல இடங்களில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சுரங்கத்திலிருந்து வருகிறவர்களின் காலில் ஒட்டிய கரித்தூள் உள்ளே வராமலிருக்க ஏற்பட்ட வழக்கம். நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2025-இல் மூடிவிட்டார்கள், வழக்கத்தை மூடவில்லை. செய்தியைக் கேட்ட அம்மாவுக்கு அந்த மக்கள்மீது மரியாதை வந்துவிட்டது. "நல்ல குடும்பத்து ஜனங்க. அரிசி கிடைக்குமான்னு மட்டும் கேளு."

அரிசியா? நெல் வகைகள் இவ்வளவு ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடங்கள் உலகத்தில் குறைவு. 2008 பிப்ரவரி 26-ஆம் தேதி லாங்யர்பியன் பக்கத்து மலையைக் குடைந்து உலக விதைக் காப்பகம் ஒன்றைத் திறந்தார்கள். மைனஸ் 18 டிகிரியில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள். நெல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். ஐதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் சோளம், கம்பு, துவரை, கடலை என்று அனுப்பி வைத்திருக்கிறது. சோறு, சாம்பார், கம்பங்கூழ் என்று ஒரு முழு விருந்துக்கான மூலப்பொருள் மலைக்குள் உறங்குகிறது. நமக்குத்தான் தர மாட்டார்கள். சுற்றுலாப் பயணி கதவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். வைத்தவர்கள்தான் எடுக்க முடியும். சிரியாப் போரில் அலெப்போ விதை வங்கி கைக்கு எட்டாமல் போனபோது, 2015-இல் அதை நடத்தியவர்கள் தாங்கள் கொடுத்து வைத்ததைத் திரும்ப எடுத்தார்கள். முதல் முறையாக அப்போதுதான் அங்கிருந்து விதை வெளியே வந்தது.

"அப்ப நாமளும் முன்னாடியே ரெண்டு படி குடுத்து வச்சிருக்கணும்" என்றாள் அம்மா.

அந்த அளவுக்குத் தேவையில்லை. லாங்யர்பியனில் குடியிருக்கும் வெளிநாட்டவரில் தாய்லாந்துக்காரர்கள் நிறைய. தாய்லாந்துக்காரர் இருக்கும் ஊரில் அரிசி இல்லாமல் போகாது. சிக்கல் மோரில்தான் வந்தது. ஐரோப்பிய வட்டத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களை நார்வேக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய் டப்பா, உறைமோர் இரண்டுக்கும் விமான நிலையத்திலேயே விடை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு உறைமோர் பாட்டி காலத்திலிருந்து அறுபடாமல் வருவது. வைரத்தைக்கூட அம்மா இவ்வளவு கவலையோடு பெட்டியில் எங்கே வைப்பது என்று கேட்டதில்லை. நார்வேயிலும் மாடு இருக்கிறது, தயிர் விற்கிறார்கள் என்று மகள் தேற்றினாள். "விக்கிற தயிரா?" என்றாள் அம்மா. பேச்சு அங்கே நின்றது.

மறுபடி தொடங்கியபோது திசை மாறியிருந்தது. "வடக்கே தலை வச்சுப் படுக்காதேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். நீ வடக்கேயே போய்ப் படுக்கறேங்கறே."

"பாட்டி, அங்க தெற்குதான் நிறைய இருக்கு. அந்தப் பக்கம் தலை வச்சுக்கலாம்" என்றாள் மகள். கூடவே ஓர் ஆதாரத்தையும் எடுத்துப் போட்டாள். நம் அரசாங்கமே அங்கே படுத்திருக்கிறது. ஸ்வால்பார்டில் இன்னும் வடக்கே உள்ள நி-ஆலசுண்டில் 2008 ஜூலையில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் திறந்தார்கள். 2023 டிசம்பரிலிருந்து, சூரியன் இல்லாத குளிர்காலத்திலும் நம் விஞ்ஞானிகளை அனுப்புகிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்று அரசாங்கம் அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. அந்த ஊரில் விண்வெளியை உற்றுக் கேட்கும் வானொலித் தொலைநோக்கி இருப்பதால், வருகிறவர்கள் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். "அங்க வேண்டாம்பா" என்றாள் மகள். "அங்கதான் முதல்ல போகணும்" என்றாள் மனைவி.

மைத்துனர் அதற்குள் இன்னொரு செய்தியோடு வந்தார். அந்த ஊரில் சாவதற்கே தடையாம். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அது ஊர் ஊராகச் சுற்றும் கதை. உறைந்த மண்ணில் புதைத்ததை நிலம் மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும் என்பதால், 1950 முதல் சவப்பெட்டியை அங்கே அடக்கம் செய்வதில்லை, அவ்வளவுதான். பிரசவத்துக்கும் போதிய வசதி இல்லாததால் கர்ப்பிணிகள் முன்கூட்டியே நார்வேயின் பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறப்பும் கிடையாது, அடக்கமும் கிடையாது. இது தெரியாமல் நம் சித்தர்கள் சதுரகிரியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

எல்லாம் கூடி வந்துவிட்டது. நாள் பார்ப்பது மட்டும் பாக்கி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை மடியில் வைத்தாள்.

"அங்க சூரியன் எத்தனை மணிக்கு உதிக்குது?"

"ஏப்ரல் 20-ஆம் தேதி வாக்குல பாட்டி."

"மணி கேட்டேன்."

"மணி இல்ல. மாசம்தான். ஆகஸ்ட் 23 வாக்குல அஸ்தமனம்."

அம்மா பேசவில்லை. ராகு காலம் என்பது ஒரு பகலில் எட்டில் ஒரு பங்கு. நம் ஊரில் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு பகல் ஏறத்தாழ 125 நாள். மைத்துனர் கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மாமா, ராகு காலம் பதினைஞ்சு நாளைக்கு மேல ஓடுது!"

வேறு யாராக இருந்தாலும் பஞ்சாங்கத்தை மூடியிருப்பார்கள். அம்மா பென்சிலை எடுத்தாள். இந்த வருஷம் ஏப்ரல் 20 திங்கட்கிழமை. திங்களுக்கு ராகு காலம் இரண்டாம் பங்கு. ஆக, மே முதல் வாரத்தில் தொடங்கி 21 வரைக்கும் ராகு. எமகண்டம் நாலாம் பங்கு. ஜூன் 6-இல் பிடித்து 21-இல் விடும். குளிகை ஆறாம் பங்கு. ஜூலை 7-லிருந்து 22 வரை.

"குளிகையில கிளம்பலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள். "குளிகையில எதைச் செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும். திரும்பத் திரும்பப் போய்ட்டு வருவோம்."

அந்தத் தேதிகள்தான் அங்கே கொஞ்சமாவது வெதுவெதுப்பான நாள்கள் என்று மகள் சொன்னபோது, பஞ்சாங்கம் கணித்தவரை எண்ணி எனக்கே புல்லரித்தது. முகவர் கொடுத்த செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். புல்லரிப்பு அடங்கிவிட்டது. "அம்மா, செலவும் திரும்பத் திரும்ப வருமே?"

"கடன் வாங்கினாத்தான் திரும்பத் திரும்ப வரும். சொந்தக் காசுல போ."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். அப்போதுதான் முகவரிடமிருந்து தொலைபேசி வந்தது. விசாவுக்கு ஆவணம் கொடுக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம், ஜூலை கடைசியில். குளிகை தாண்டி. அடுத்த வருஷம் ஏப்ரல் 20 செவ்வாய்க்கிழமை. கிழமை மாறினால் ராகு மாறும், எமகண்டம் மாறும், குளிகையும் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். புதுப் பஞ்சாங்கம் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்று அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

அதுவரைக்கும் எனக்கு நல்ல நேரம்தான்.